வாபஸ் வாங்கிய கொக்கு

நான் கறார் பேர்வழி. முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் வேறெப்படி இருப்பாள்? எடை இம்மி கூடினாலும் இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டச் சொல்வேன், எதிரே நிற்பது பெற்ற தாயாக இருந்தாலும். அதனால், நான் ஓய்வு பெற்ற கையோடு சரணாலயத்தின் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்புப் பட்டியல் என்னிடம் வந்து சேர்ந்தபோது ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இனிமேல் வாத்துகளும் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்று என் கொம்பாத்ரே ஃபெர்மின் கயேகோஸ் மட்டும் கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஃபெர்மின் என் மகனுக்கு ஞானத்தகப்பன். ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்தான் நாங்கள் இருவரும். ஞானஸ்நானத் தொட்டியருகே அவர் என் பிள்ளையை ஏந்தி நின்ற நாளிலிருந்து அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. வா, போ எல்லாம் அன்றோடு நின்று வாங்க, போங்க ஆகிவிட்டது. கேலி மட்டும் குறையவில்லை. மரியாதையோடு தொடர்ந்தது.

அவர் சரணாலயத்தில் மதகுக்காரராக இருந்தவர். எங்கள் ஆற்றைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் இதுதானா ஆறு என்று கேட்பார்கள். பாதி வருஷம் அதில் மணல்தான் ஓடும். அந்த ஆற்றிலிருந்து இலையுதிர்காலத்தில் வாய்க்கால் வழியே தண்ணீரைத் திருப்பிக் குளங்களை நிரப்புவது அவர் வேலை. கொக்குகள் தண்ணீருக்குள் நின்றபடி தூங்குகிறவை. தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறினால் இறங்காது. கணுக்காலுக்குக் கீழே போனால் நரி நடந்து வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை என்பது எந்த அளவுகோலிலும் இல்லை, ஃபெர்மினின் கண்ணில்தான் இருந்தது. வடக்கே இருந்து வரும் பதினையாயிரம் கொக்குகளும் அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் ஊரில் குளிர்காலம் கழித்தன.

கணக்கெடுப்பன்று குளத்துக்கு இரண்டு பேர். ஒருவர் கண், இன்னொருவர் பென்சில். கண்ணாக இருப்பவர் பைனாகுலரை இறக்கக் கூடாது, பத்துப் பத்தாக எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பென்சில் எழுத வேண்டும். கோடிக் குளத்தில் பதினோரு வருஷம் அவர் கண், நான் பென்சில். விதிகள் கொஞ்சம்தான். ஜோடி பிரியக் கூடாது. குரல் எழுப்பவே கூடாது. யாராவது ஒருவர் கத்தினால் நாலாயிரம் பறவை ஒரே நேரத்தில் கிளம்பிவிடும், அப்புறம் வானத்தைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியதுதான். பட்டியலில் இல்லாத அபூர்வப் பறவை எதுவும் தென்பட்டால் இரண்டு பேரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது படம் இருக்க வேண்டும். இரண்டுமில்லையென்றால் பார்த்தவர் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் அந்தக் கணக்கெடுப்பு நாளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. குளத்தின் ஓரமெல்லாம் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. விடியத் தொடங்கி, மலை விளிம்பில் வெளுப்பு ஏறியது. என் விரலுக்குள் பென்சில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஐந்து நிமிஷம் டிரக்கில் ஹீட்டரைப் போட்டுக் கையைக் காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்றேன். போய்விட்டு வாங்க, இப்போதைக்கு எல்லாம் தூங்குதுகள், நானே மனசில் எழுதிவைக்கிறேன் என்றார். நான் போனேன். ஜோடி பிரியக் கூடாது என்ற விதியை டைப் அடித்து ஹாலில் ஒட்டியவளே நான்தான்.

ஹீட்டர் சூடாகும் முன்பே ஃபோன் அடித்தது. லாஸ் குரூசஸிலிருந்து என் தங்கை. கிறிஸ்துமஸுக்குத் தமாலே கொழுக்கட்டை எத்தனை டஜன், பன்றிக் கறியை யார் வாங்குவது, போன வருஷம் நான் வாங்கியதில் கொழுப்பே இல்லை என்று அவள் மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியுமா? பேசிக்கொண்டிருக்கும்போது பக்கக் கண்ணாடியில் ஃபெர்மின் தெரிந்தார். தொப்பியைக் கழற்றி, தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவசரமாக ஆட்டினால் பறவைகள் மிரளும், அதனால் அந்த நிதானம். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இதற்கு முன்பும் ஒருமுறை அப்படி ஆட்டி என்னை ஓடவிட்டு, பனியில் சறுக்கி விழுந்த நரியைக் காட்டிச் சிரித்திருக்கிறார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலைக் காட்டினேன். ஒரு நிமிஷம்.

பன்றிக் கறி விவகாரம் முடிய ஏழு நிமிஷம் ஆனது. நான் கதவைத் திறக்கவும் குளம் முழுவதும் ஒரேயடியாக எழும்பவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தில் நெஞ்சு அதிரும். சத்தம் அடங்கி நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது தொப்பி கையிலேயே இருந்தது, காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன.

"கொமாத்ரே, கருங்கழுத்து நின்னுச்சு" என்றார்.

அது சைபீரியாப் பக்கத்துக் கொக்கு இனம் ஒன்று. எங்கள் கொக்குகளோடு வழி தப்பிச் சேர்ந்து எப்போதாவது ஒன்று வரும். உடம்பு அதே சாம்பல், அதே உயரம். கழுத்தும் முகமும் மட்டும் கரி பூசியதுபோல் இருக்கும், கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்கும். அதைப் பார்க்க இருபது வருஷமாகக் காத்திருந்தவள் நான். மத்தியானம்வரை ஒவ்வொரு மக்காச்சோள வயலாகப் போய் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தோம். இல்லை. வண்டிக்குள் அவர் என் ஏழு நிமிஷத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிந்தது. என் கொக்கை இவர் பார்த்துவிட்டாரே என்று எரிந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் ஹாலில் எல்லோரும் கூடினோம். பெரிய பாத்திரத்தில் சோளமும் கறியும் போட்ட பொசோலே கொதித்துக்கொண்டிருந்தது. பட்டியல் முடியும்வரை யாருக்கும் கரண்டி இல்லை, அது வழக்கம். நான் ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பேன், ஒவ்வொரு குளத்துக்காரரும் எண்ணைச் சொல்வார்கள். அன்று அல்புகர்க்கியிலிருந்து இரண்டு பெரிய தலைகளும் வந்திருந்தார்கள். மாநிலத்தில் எந்த அபூர்வப் பறவையை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்கிற குழுவில் இருப்பவர்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் விசாரிக்காமல் சேர்த்த ஒரு வாத்தை அந்தக் குழு தள்ளுபடி செய்து கடிதம் அனுப்பியிருந்தது. கடிதத்தின் மொழி மரியாதையானதுதான், ஆனாலும் நான் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. இந்த முறை இவர்கள் முன்னால் ஏமாறக் கூடாது என்ற நினைப்பு எனக்கு.

பட்டியல் முடிந்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஃபெர்மின் எழுந்தார். நின்ற இடம், மூன்றாவது வரிசை, பட்டுப்போன அடிமரத்துக்கு இடப்பக்கம், கழுத்து, பட்டை, இறக்கையை ஒருமுறை விரித்து மடக்கியது, எல்லாம் சொன்னார். கூட்டி ஒரு வார்த்தை இல்லை.

நான் கேட்க ஆரம்பித்தேன். வெளிச்சம் எந்தப் பக்கம்? எதிரே. எவ்வளவு தூரம்? முந்நூறு கஜம். எவ்வளவு நேரம்? ஐந்தாறு நிமிஷம். அந்தக் கோடியில் கருஞ்சேறு உண்டா? உண்டு. சேற்றுக்குள் தலையை விட்டு எடுத்த கொக்கின் கழுத்து கறுப்பாகத் தெரியுமா? தெரியும். இடது கண்ணில் அக்டோபரில்தானே புரை எடுத்தார்கள்? ஆமாம். யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உற்சாகம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் நான் கேட்டிருக்கவே கூடாத கேள்வியைக் கேட்டேன், பதில் தெரிந்திருந்தும் கேட்டேன்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

அவர் என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். கொமாத்ரேயைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், என் கறார் அங்கேயே கிழிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"அப்போ அது சேறா இருந்திருக்கலாம் இல்லையா, கொம்பாத்ரே?"

எதையும் யோசித்துச் சொல்கிற மனுஷன். இருக்கலாமா என்று கேட்டால், இருக்க வாய்ப்புண்டா என்று உள்ளுக்குள் நேர்மையாகத் தேடிப் பார்ப்பார். தேடினார். இருக்கலாம் என்றார். நான் தாளை நீட்டினேன். பார்த்ததாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாத்திரத்தின் மூடி திறந்தது, எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பெரிய தலைகளில் ஒருவர் என் பக்கம் வந்து, இப்படிக் கண்டிப்பான ஆள் எல்லா ஊரிலும் இருந்தால் எங்களுக்கு வேலை மிச்சம் என்றார். வீடு போய்ச் சேரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை. ஃபெர்மின் சாப்பிட்டாரா என்று நான் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த குளிர்காலம் அவர் வரவில்லை. முட்டி வலி என்றார். அதற்கடுத்ததற்கும் முட்டிதான் காரணம். என் ஜோடியாக ஒரு பல் டாக்டரைச் சேர்த்துக்கொண்டேன், அவர் நாரையையும் கொக்கையும் குழப்புகிறவர். ஈஸ்டருக்குப் போனபோது ஃபெர்மின் மிளகாய் விதையைப் பற்றியும் வாய்க்கால் தூர் வாருவது பற்றியும் நன்றாகத்தான் பேசினார். பறவை என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் டிரக் ஓட்டுவதை விட்டுவிட்டார், மனைவி ஹெர்லிந்தாதான் ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த நவம்பரில், குளிர்காலமானால் வண்டிவீட்டோடு விஸ்கான்சினிலிருந்து வந்துவிடும் ஒரு பெண்மணி, சரணாலயக் கடைக்காகக் காலண்டர் போடப்போவதாகச் சொல்லித் தன் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தாள். படத்துக்குப் படம் பறவைப் பெயர் சொல்ல வேண்டியது என் வேலை. வாத்து, வாத்து, வெள்ளைக் கூழைக்கடா, கொக்கு, கொக்கு. ஒரு படத்தில் நிறுத்தி, இதென்ன, இது மட்டும் குளிக்காத கொக்கா என்று கேட்டுச் சிரித்தாள். பட்டுப்போன அடிமரம். அதற்கு இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் கரி பூசிய கழுத்து, வெள்ளைப் பட்டை. குளத்தையொட்டிய ரோட்டோரமாக நின்று எடுத்ததாம். படத்தின் கீழே தேதியும் நேரமும் இருந்தன. அதே கணக்கெடுப்பு நாள், காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் நான் பன்றிக் கொழுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என் முகம் அப்படி ஆகியிருக்க வேண்டும்.

படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது. பறவை ஏற்கப்பட்டது, படம் எடுத்தவர் பெயரில் பதிவாகும், வாழ்த்துகள். அன்று அதை முதலில் பார்த்துச் சொன்னவர் ஒருவர் இருக்கிறாரே என்று கேட்டு எழுதினேன். அவரே எழுத்தில் வாபஸ் வாங்கியிருக்கிறார் என்றார்கள். வாபஸ் வாங்கியதை வாங்கியவர் மட்டும்தான் மாற்ற முடியும். நான் பார்த்தேன் என்று இரண்டு வரி எழுதி அவரே கையெழுத்திட்டால் அவர் பெயர் முதலில் வரும், வேறு யாரும் அவருக்காக எழுத முடியாது. நியாயமான விதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, படத்தையும் தாளையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பறவையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைக்கும் ஆசையும் அதில் இல்லாமல் இல்லை.

ஹெர்லிந்தாதான் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு. கிறிஸ்துமஸ் பிஸ்கோச்சிதோ பிஸ்கட்டுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க யாரு வந்திருக்கான்னு. தபாலம்மா நேர்ல வந்திருக்காங்க, நம்மகிட்ட ஸ்டாம்ப் பாக்கி ஏதாவது இருக்கோ என்னவோ" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

ஃபெர்மின் அடுப்பருகே மேசையில் பைன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வழியெல்லாம் டிரக்கில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சுதான், ஆனால் முன்னுக்குப் பின்னாக வந்தது. தொப்பியைப் பார்த்தேன், பார்த்தும் வரவில்லை, ஃபோனில் பேசியது தங்கை, பேசியது கறி, அந்தக் கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே கேட்டேன், எனக்குப் பொறாமை. எல்லாம் கொட்டினேன். ஹெர்லிந்தாவின் உருட்டுக்கட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்போ இவரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

நல்லாத்தான் இருந்தது என்றேன்.

"டெல்ஃபினா, கணக்கெடுப்பு முடிஞ்ச மறுநாள் காலையில இவரு டிரக் சாவிய என் கையில குடுத்தாரு. இல்லாத பறவைய பாக்குற கண்ணு, இருக்கிற பிள்ளைய பாக்காம விட்டுரும், ரோட்டுல ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்னால தாங்க முடியாதுன்னு சொன்னாரு. மூணு வருஷமா நான்தான் ஓட்டுறேன். எனக்கு வண்டின்னாலே பயம், உனக்குத் தெரியும். ஹைவேல ஏறுறப்பல்லாம் கைல ஜெபமாலைய சுத்திக்கிட்டு ஏறுறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் இருந்தவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஃபெர்மின் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழகான பறவை என்றார். நான் தாளை எடுத்து வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டே வரி, கீழே கையெழுத்து, உங்கள் பெயர்தான் முதலில் வரும் என்றேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார். தாளை நேராக வைத்துக்கொண்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"முடியாது கொமாத்ரே."

கோபமா என்று கேட்டேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் நியாயம், ஆனால் பறவை உங்களுடையது, என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"கோபம்லாம் இல்ல. நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. அன்னிக்கு ஹால்ல நீங்க கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து நானே எனக்குள்ள கேட்டுப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, அந்தக் குளிர்காலம் பூரா. வெளிச்சம் எதிர்லதானே, சேறு இருந்துச்சுதானே, கண்ணுல புரை எடுத்ததுதானே. கேக்கக் கேக்க அந்தக் கழுத்துல கறுப்பு கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துப்போச்சு. இப்போ நெனச்சுப் பாத்தா வெறும் சாம்பல் கொக்குதான் நிக்குது, தலையில சேறோட. இந்தப் படத்துல இருக்கிறது கருங்கழுத்துதான், சந்தேகமே இல்ல. ஆனா நான் அதப் பாத்தேனான்னு எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அன்று நீங்கள் இடம், வரிசை, பட்டை எல்லாம் சொன்னீர்களே, எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறதே என்றேன். உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லையே என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லாத ஒரு மனுஷனை நாற்பது பேர் முன்னால் பொய்க்காரரைப்போல நிறுத்தினேன். இப்போது அவர் பொய் சொல்ல மாட்டார் என்பதாலேயே என் தப்பைத் திருத்த வழியில்லை. நான் அழுதேன். அறுபத்தாறு வயதில், பைன் கொட்டை ஓட்டுக் குவியலுக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

ஒன்றாவது செய்யுங்கள் என்றேன். டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டுங்கள், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். போன வருஷமே காட்டினாராம். கண் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டாக்டர் சொன்னது சுவரில் இருக்கும் எழுத்தைப் பற்றி, எழுத்து எங்கேயும் பறந்துபோகாதே என்றார். சனிக்கிழமை கணக்கெடுப்புக்கு வாருங்கள், பல் டாக்டரைத் துரத்திவிடுகிறேன், கோடிக் குளத்துக்கு நாம் போகலாம் என்றேன். முட்டி வலிக்கிறது என்றார்.

வாசல் கேட்டுவரை கூட வந்தார். முட்டி வலி எதுவும் நடையில் தெரியவில்லை. உறையை வாங்கி அதற்குள் படத்தையும் எழுதாத தாளையும் அவரே ஒழுங்காக வைத்து என்னிடம் கொடுத்தார். வயல்களிலிருந்து கொக்குகள் குளத்துக்குத் திரும்பும் நேரம். தொண்டையில் கூழாங்கல் உருளும் அந்தச் சத்தத்தோடு ஒரு கூட்டம் எங்கள் தலைக்கு நேர் மேலே, தாழ்வாக வந்தது. நான் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன?" என்று கேட்டார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க, கொம்பாத்ரே."

"நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் எண்ணினேன். கண்ணில் நீர் நின்றதால் இரண்டு முறை எண்ண வேண்டியிருந்தது. கூட்டம் வீட்டுக் கூரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பதினேழு என்றேன். பதினேழு என்று அவரும் தலையாட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.